அருளம்பலம் ஐயா விட்டுவைத்த இரண்டு பக்கங்கள்

செய்தி வந்தபோது என் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், லோரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், உப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்கா. பஸ் கண்டக்டர் கோவிந்தன் வாசலுக்கு வெளியே நின்றார். அவரைச் சேர்த்தால் நான்கு. அன்று வியாழக்கிழமை. மத்தியான பஸ்ஸில் சிம்பாங் அம்பாட் வந்து, அங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு வருவதாக அருளம்பலம் ஐயா சொல்லியிருந்தார். அவருக்காக உளுந்து வடை சுட்டு மூடி வைத்திருந்தேன்.

"அக்கா, ரேடியோக் கடை ஐயா வரமாட்டாரு" என்றார் கோவிந்தன்.

"ஏன், பஸ்ஸ விட்டுட்டாரா?"

"இல்லைக்கா. காலையிலே நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களாம். போன கையோட முடிஞ்சிருச்சாம்."

வீட்டுக்காரர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். பச்சையம்மா அக்கா, "ஐயையோ, போன வாரந்தானே ஜப்பான்காரன் பொட்டி விக்கிறான்னு அந்த மனுசன வாய்க்கு வந்தபடி ஏசுனேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. 'அப்படியானால் ஜப்பானிலிருந்து கடிதம் வந்தால் யார் வாசிப்பது?' என்பதுதான் முதலில் மனதில் வந்தது. ஒரு நல்ல மனிதர் போய்விட்ட செய்தியைக் கேட்டு இப்படியா நினைப்பது என்று விளக்கேற்றும்போது சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐயாவின் மனைவி மங்கையர்க்கரசி அக்கா, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிடும் நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்றார். ஐயாவை அறிந்த நீங்கள் பலரும் படித்தவர்கள். ஆபீசிலும் கடையிலும் இருப்பவர்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவள். கோயிலில் கொடுத்த பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, கடைக்காரர் சாமான் கட்டித் தரும் காகிதங்களை விரித்துப் படித்து, நானாகவே கற்றுக்கொண்டவள். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐயா சொல்வார்: "பிழை விட்டால் அழிக்க வேண்டாம் தங்கச்சி, ஒரு கோடு போட்டுவிடுங்கோ. என்ன பிழை எண்டு பிறகு பாக்கலாம்." அந்தப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்கு அவர் பழக்கமானது ஒரு சண்டையில். மலாக்காவில் பாச்சாங்கில் அவர் கடை திறந்து, கிஷிமோரி என்ற ஜப்பான் கம்பெனியின் பேட்டரி ரேடியோக்களை விற்கத் தொடங்கிய புதிது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் மின்சாரம் கிடையாது. அதனால் வீட்டுக்காரர் அந்தச் சின்னப் பெட்டியை வாங்கி வந்தார். நல்ல நேரம் பார்த்துச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் வரிசையில் ரேடியோ வாங்கிய எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பாட்டு வருகிற பெட்டியை வேறு எங்கே வைப்பது?

பேட்டரி நூறு மணி நேரம் வரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. எனக்கு எதையும் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. எந்த நாள், எத்தனை மணிக்குத் திறந்தேன், எத்தனை மணிக்கு மூடினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அறுபத்தெட்டு மணி நேரத்தில் சத்தம் தேய்ந்துவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

ஐயா மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இதை ஆர் எழுதினது?"

"நாந்தாங்க."

"வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் கூட நேரம்?"

"வெள்ளிக்கிழமை பக்திப் பாட்டு கூடப் போடுறாங்க. சமையல் முடியுற வரைக்கும் கேப்பேன்."

அவர் உள்ளே பார்த்து, "மங்கை, இஞ்சை வந்து பார். கம்பெனியில ஆயிரம் பேர் இருக்கினம். ஒருத்தன் கூட இப்படி ஒரு கொப்பி வைச்சிருக்க மாட்டான்" என்றார். புதிய பேட்டரி கொடுத்தார். என் கணக்கை இங்கிலீஷில் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து, உங்கள் பொறியியல் வல்லுநருக்கு நன்றி என்று பதிலும், மலைப் படம் போட்ட ஒரு காலண்டரும் வந்தன. அந்த வல்லுநர் அப்போது என் வீட்டில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார் என்று வீட்டுக்காரர் பல நாள் கேலி செய்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தக வேலை வந்தது. கம்பெனி தன் ஏஜெண்டுகளுக்கெல்லாம் தன்னுடைய சரித்திரத்தை இங்கிலீஷில் அச்சடித்து அனுப்பியிருந்தது. தோட்டத்துத் தமிழர்கள் ஜப்பான்காரன் பெட்டி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கம்பெனி எப்படி வந்தது என்று தமிழில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தால் நல்லது என்று ஐயா நினைத்தார். அவர் யாழ்ப்பாணத்து மனிதர். இங்கிலீஷ் படித்துத் தந்தி ஆபீசில் இருந்தவர். தமிழ் எழுத அவருக்குக் கை வராது. "நான் வாசிச்சுச் சொல்லுறன். நீங்கள் எழுதுங்கோ" என்றார்.

எனக்குத் தெரிந்த சரித்திரம் கோயில் சரித்திரம் ஒன்றுதான். பிள்ளையார் சுழி போட்டு, விநாயகர் காப்பு எழுதித் தொடங்கினேன். கீழ்த்திசைத் தீவில், மூங்கிலும் காகிதமும் கொண்டு குடை செய்கிற ஒரு வீட்டில் அந்தக் கம்பெனியின் முதலாளி பிறந்தார். கிராமபோன் பெட்டியின் ஊதுகுழல் வாங்கப் பணமில்லாமல் குடைக் காகிதத்தைச் சுருட்டி ஊதுகுழல் செய்தார். அதில் தகரத்தைவிடச் சத்தம் இனிமையாக வந்தது. காதில் வைத்துக் கேட்கும் ரேடியோ செய்தார். பூமி அதிர்ந்து பட்டறை எரிந்தது. மனம் தளராமல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு மறுபடி தொடங்கினார். ஒலிபெருக்கி செய்தார். மரப்பெட்டி ரேடியோ செய்தார். இப்படி எழுதி, ஒவ்வொரு பகுதி முடிவிலும் "இவ்விதம் அவர் தவம் பலித்தது" என்று முடித்திருந்தேன்.

ஐயா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"தங்கச்சி, இது ரேடியோக் கம்பெனி. நீங்கள் இதைக் கோயிலாக்கிப் போட்டியள். இனி நான் கடையில தீர்த்தம் குடுக்கோணும்."

"மாத்தி எழுதட்டுங்களா?"

"வேண்டாம், விடுங்கோ. இப்படி எழுதினால் ஒருத்தரும் பாதியில மூடிவைக்க மாட்டினம்."

ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு கோடு போட்டு, எந்த ஆண்டு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று என் வழக்கப்படி கூட்டிப் பார்த்தேன். கணக்கு இடித்தது. மரப்பெட்டி ரேடியோவுக்குப் பிறகு, "அப்பால் சிரமமான ஆண்டுகள் வந்தன" என்று ஒரே ஒரு வரி. அடுத்த வரியில் உலகச் சண்டை முடிந்துவிட்டது. எரிந்துபோன தொழிற்சாலையில் முதலாளியும் நான்கு தொழிலாளிகளும் உடைந்த ரேடியோக்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இடையில் ஏழு ஆண்டு இல்லை.

"ஐயா, இந்த ஏழு வருஷம் எங்கே போச்சு?"

"நானும் பாத்தனான்" என்றார்.

எனக்கு அந்த ஏழு ஆண்டு வெறும் கணக்கு இல்லை. ஜப்பான்காரன் நம் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் என் அண்ணன் வேலுவைச் சயாமில் ரயில் ரோடு போடக் கொண்டுபோனார்கள். பச்சையம்மா அக்காவின் புருஷனும் அதே லோரியில் போனார். இருவரும் திரும்பவில்லை. இறந்தார்களா, எங்கே, எப்போது, ஒன்றும் தெரியாது. நாள் தெரியாததால் திதி கொடுக்க முடியாமல் ஆடி அமாவாசை அன்று அண்ணன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். உயிரோடு இருப்பவருக்கு எள் விட்டால் பாவமாயிற்றே என்று ஒவ்வொரு ஆண்டும் முதலில் சாமியிடம் மன்னிப்புக் கேட்பேன்.

அந்தப் பெட்டி சாமி மாடத்தில் இருப்பதைப் பார்த்து ஒரு நாள் பச்சையம்மா அக்கா கேட்டுவிட்டார். "ஒன் அண்ணனக் கொண்டு போனவன் பொட்டிக்கு நீயே சூடம் காட்டுறியா? காட்டு லா, காட்டு. அவன் அனுப்பி வைப்பான்."

"பாட்டுக்குத்தானே அக்கா காட்டுறேன்."

"பாட்டு பாடுற பொட்டியச் செஞ்சவன் அப்ப என்னா செஞ்சிக்கிட்டு இருந்தான்? அதக் கேட்டியா மொதல்ல?"

அன்றிலிருந்து எனக்கும் அதே கேள்விதான். சயாம் காட்டில் அதிகாரிகள் பேசிக்கொண்ட கம்பியில்லாத் தந்திப் பெட்டிகளைச் செய்தது இவர்களாக இருந்தால்? இல்லாவிட்டால்? நான் யாருக்குத் தவம் பலித்தது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்? அந்த ஏழு ஆண்டும் வராமல் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஐயாவிடம் சொன்னேன். எனக்கே பயமாக இருந்தது. அவர் கடை, அவர் காரியம். அவர் கோபிக்கவில்லை. "சரி. ரெண்டு பக்கம் வெறுமையாய் விடுங்கோ. கேட்டு எழுதுவம்" என்றார்.

இங்கிலீஷில் எழுதிக் கேட்டார். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இன்னொரு காலண்டர் வந்தது. மறுபடி எழுதினார். விசிறி வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதலாமா என்று மங்கையர்க்கரசி அக்காவைக் கேட்டேன். "எழுதுங்கோ. அவர் போயிட்டார். இனி ஆருக்குப் பயம்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கடைக்குள் போனபோது ஐயா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து மேலிருந்து கீழாக இறங்கியது. நான் பார்த்ததைக் கண்டதும் மூடப் பார்த்து, பிறகு மூடாமல் விட்டுவிட்டார்.

"ஜப்பான் எழுத்துங்களா ஐயா? எப்பப் படிச்சீங்க?"

"படிச்சது இல்லைத் தங்கச்சி. ஜப்பான்காரர் பிடிச்சு வைச்சுப் படிப்பிச்சவை."

ஜப்பான்காரன் காலத்தில் ரேடியோ வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை ஆபீசுக்குக் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டுச் செய்தி எடுக்கிற கம்பிச் சுருளைக் கழற்றி, பெட்டிக்கு முத்திரை வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கழற்றியவர் யார் என்று தெரியாது. "மலாக்கா டவுணில உள்ள பெட்டியளுக்கெல்லாம் வாயைக் கட்டினது நான்தான். இப்ப வாய் உள்ள பெட்டி விக்கிறன்" என்றார் ஐயா.

தேநீர் கொண்டுவந்த அக்கா, "இதைக் கதைக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" என்று கதவைப் பார்த்தார்.

"தங்கச்சிக்குத் தெரியட்டும். அவ கணக்குப் பாக்கிற ஆள்."

தேநீரைக் குடித்தேனா என்றுகூட நினைவில்லை. அவரிடம் கோபப்பட வேண்டுமா, அவருக்காக இரங்க வேண்டுமா? பிறகு ஒன்று கேட்டேன்: "இவ்வளவுக்கும் பிறகு அவங்க பெட்டியவே ஏன் ஐயா விக்கிறீங்க?"

அவர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "எனக்கும் விளங்கேல்லை. நல்ல பெட்டி. நல்ல பெட்டியை நல்ல பெட்டி எண்டுதானே சொல்லோணும்" என்றார். இதை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சரியாகவும் படுகிறது, தவறாகவும் படுகிறது.

அன்று அவர் என் அண்ணனின் முழுப் பெயர், தோட்டத்தின் பெயர், கொண்டுபோன மாதம் மூன்றையும் கேட்டுத் தனித் தாளில் குறித்துக்கொண்டார். "ரெண்டு விஷயம் கேட்டு எழுதுறன். ஒண்டு கம்பெனி விஷயம். மற்றது, பதில் வந்தால் சொல்லுறன்" என்றார். மற்றது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அங்கே ஒரு கோடு போடுகிறேன்.

அவர் இறந்த நாலாம் நாள் பதில் வந்தது.

மங்கையர்க்கரசி அக்கா உறையைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தார். "இது உங்கட வேலை." உள்ளே மூன்று தாள். காலண்டர் இல்லை, விசிறி இல்லை. மேலிருந்து கீழாக நெருக்கமாகக் கையால் எழுதிய எழுத்து. அடியில் ஒரு சிவப்பு முத்திரை. தமிழிலோ இங்கிலீஷிலோ ஒரு சொல் இல்லை. அண்ணன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த எழுத்தில் அவர் பெயர் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாதே.

மடியில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினேன். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட கட்டுப்பாட்டை எங்கள் பக்கம் தளர்த்திவிட்டார்கள் என்றாலும் கம்பி வேலி இன்னும் நிற்கிறது; கதவில் இன்னும் ஆள் இருக்கிறார். வீட்டுக்காரர் கடிதத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"பாக்கிறவனுக்கு இது சீன எழுத்து. காட்டுக்காரனுக்குக் கடுதாசி கொண்டு போறேன்னு ஒன்னையும் என்னையும் சேர்த்துப் புடிச்சிக்கிட்டுப் போவான். எரிச்சிரு லா."

"அண்ணன் விஷயம் இருந்தா?"

மறுநாள் லோரியில் என்னைச் சிம்பாங் அம்பாட் வரை அவரே கூட்டிப் போனார். அங்கே எங்களுக்கு அரிசி கொடுக்கிற சீனக் கடை முதலாளி, தவுக்கே, தமிழ் பேசுவார். முன்வாசலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவரிடம் காட்டினேன்.

"ஜப்பான் எழுத்து லா. நடுவுலே நடுவுலே நம்ம சீன எழுத்து இருக்கு. மொத்தமா தெரியாது." விரல் வைத்துக்கொண்டே போனார். "ஆண்டு... தொழிற்சாலை... மனுசன்..." மூன்றாம் தாளில் விரல் நின்றது. "இரும்பு. வழி. இரும்பு வழின்னா ரயில் ரோடு."

"என்னா ரயில் ரோடு? எங்கே?"

"அது தெரியாதும்மா." தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். "இத வச்சிருக்காதே. நல்லதில்லே."

ரயில் ரோடு. கம்பெனிக்குப் பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷன் இருப்பது அவர்கள் சரித்திரத்திலேயே இருக்கிறது, நானே எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லியிருக்கலாம். சயாமைச் சொல்லியிருக்கலாம். எழுதியவர் கம்பெனி முதலாளியோ, குமாஸ்தாவோ, அந்த நான்கு தொழிலாளிகளில் ஒருவரோ, தெரியாது. பச்சையம்மா அக்காவிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரிந்தவர் போல நெடுநேரம் பார்த்துவிட்டு, "எம் புருசன் பேரு இருக்கான்னு கேட்டியா?" என்றார்.

இப்போது ரேடியோ சாமி மாடத்தில்தான் இருக்கிறது. எடுத்து வைக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. நோட்டில் மூன்று வாரமாக நேரம் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. ஐயா இருந்தால், "பெட்டி கதைக்கேல்லை எண்டால் முதல்ல பெட்டியைப் பிழை சொல்லாதேங்கோ, ஏரியலைப் பாருங்கோ" என்பார்.

அருளம்பலம் ஐயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை: அவர் சிரித்துப் புரையேறிய அந்தக் கோயில் சரித்திரம், அதன் நடுவில் அவர் விடச் சொன்ன இரண்டு வெறும் பக்கம், இந்தக் கடிதம். என் வாயை அடைத்துவிட்டு அந்தப் புத்தகத்தை அவர் அச்சடித்திருக்கலாம். அவர் அடைக்கவில்லை. ஒரு காலத்தில் பெட்டிகளின் வாயைக் கட்டியவர் என்பதாலா, நல்லவர் என்பதாலா, எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

இந்த மலரை வாசிக்கிற உங்களில், அந்தக் காலத்தில் ஐயாவைப் போல ஜப்பான் எழுத்துப் படித்தவர்கள் இருப்பீர்கள். படிக்க வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை என்பதும் தெரியும். உங்கள் பெயரை நான் எந்த நோட்டிலும் எழுத மாட்டேன். பாச்சாங் கடையில் மங்கையர்க்கரசி அக்காவிடம் ஒரு சொல் சொன்னால் போதும். கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் வருவேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, இருப்பதை இருந்தபடி வாசித்துச் சொல்லுங்கள். இதை எழுதும் இன்று ஆடி அமாவாசைக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் பதில் தெரிய வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.